கேன்டீனுக்கு இரண்டாவது ஒப்பந்ததாரர் வந்தால் சாப்பாடு மேம்படுமா?

கேள்வி: "எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சுமார் 600 பேர் இருக்கிறோம். பதினான்கு ஆண்டுகளாக ஒரே ஒப்பந்ததாரர்தான் கேன்டீன் நடத்துகிறார். சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லாத நாளே இல்லை. இப்போது டெண்டர் விட்டுப் புதியவரைக் கொண்டுவரப் போவதாக நிர்வாகம் சொல்கிறது. நான் கேன்டீன் குழுவில் இருக்கிறேன். போட்டி வந்தால் எங்களுக்கு உண்மையில் நன்மை உண்டா? அல்லது நிர்வாகத்தின் செலவு குறைவதோடு முடிந்துவிடுமா?"

இரண்டும் நடக்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெண்டர் விடுவதாலேயே சாப்பாடு நன்றாகிவிடாது. போட்டியில் வெல்பவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடைத்தெருவில் இரண்டு ஓட்டல்கள் எதிரெதிரே இருந்தால் போட்டி தானாக வேலை செய்கிறது. காசு கொடுப்பவரும் சாப்பிடுபவரும் ஒருவரே. இட்லி கல்லாக இருந்தால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆலைக் கேன்டீனில் அப்படி இல்லை. காசு கொடுப்பது நிறுவனம், சாப்பிடுவது தொழிலாளி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கொள்முதல் பிரிவு. அந்தக் கொள்முதல் அதிகாரி பெரும்பாலும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர். ஒப்பந்ததாரர்கள் யாரைத் திருப்திப்படுத்தப் போட்டியிடுவார்கள்? கையெழுத்திடுபவரைத்தான். அவர் கேட்பது குறைந்த விலை என்றால், போட்டி முழுவதும் விலையில் நடக்கும். அந்த விலைக்குறைப்பு கடைசியில் உங்கள் தட்டில் வந்து சேரும்.

நானே ஒருமுறை அந்தத் தவற்றைச் செய்தேன். ஓர் ஆலையில் கேன்டீனுக்கு டெண்டர் விட்டு, ஐந்து பேர் விலை கொடுத்ததில் மிகக் குறைவாகக் கேட்டவருக்கு வேலையைக் கொடுத்தோம். தட்டுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று மேலிடத்தில் பாராட்டும் கிடைத்தது. முதல் மாதம் சாப்பாடு பிரமாதம். இரண்டாம் மாதம் பொன்னி அரிசி போய் மலிவான அரிசி வந்தது. சாம்பாரில் பருப்பு தேட வேண்டியிருந்தது, பொரியல் வாரம் முழுவதும் முட்டைக்கோஸ். மூன்றாம் மாதம் ஆலையின் கேட்டுக்கு வெளியே தக்காளி சாதமும் லெமன் சாதமும் விற்கும் தள்ளுவண்டிகள் இரண்டிலிருந்து ஆறாகிவிட்டன. கேன்டீன் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருத்துக் கணிப்பும் வேண்டாம். கேட்டுக்கு வெளியே வண்டிகளை எண்ணுங்கள், தொழிலாளர்கள் கையில் வரும் டிபன் பாக்ஸ்களை எண்ணுங்கள். உங்கள் ஒப்பந்ததாரரின் உண்மையான போட்டியாளர்கள் அவர்கள்தாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும், கேன்டீன் குழுவில் இருப்பவர்கள் பலரும் இதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'குறைந்தபட்ச உத்தரவாத எண்ணிக்கை' என்று ஒரு வரி இருக்கும். உதாரணத்துக்கு, மதியச் சாப்பாடு தட்டு 60 ரூபாய், உத்தரவாதம் 450 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் 380 பேர்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் ஒப்பந்ததாரருக்கு 450 தட்டுக்குப் பணம் வரும். வராத 70 பேருக்காக அவருக்கு 4,200 ரூபாய், ஒரு பிடி அரிசி கூடப் போடாமல். சாப்பாடு மோசமாக மோசமாக வருகை குறையும், செலவு குறையும், வரும்படி அப்படியே இருக்கும். நல்ல மனதுள்ள ஒப்பந்ததாரரைக் கூட இந்த வரி கெடுத்துவிடும். உங்கள் பழைய ஒப்பந்தத்தை வாங்கி முதலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆளை மாற்றி விட்டு வரியை வைத்துக்கொள்வதில் பயனில்லை.

நான் பார்த்தவற்றில் உண்மையாகப் பலன் தந்த ஏற்பாடு வேறொன்று. பின்னாளில் வேறோர் ஆலையில் அதைச் செய்தோம். ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விலையில் இரண்டு கவுண்டர்கள், இரண்டு ஒப்பந்ததாரர்கள். தொழிலாளி அடையாள அட்டையை எந்தக் கவுண்டரில் காட்டுகிறாரோ அந்தக் கவுண்டருக்குத்தான் அந்தத் தட்டின் பணம். உத்தரவாத எண்ணிக்கை என்ற ஒன்றை மிகக் குறைவாக, இரண்டு பேருக்கும் சமமாக வைத்தோம். முதல் வாரத்திலேயே ஒரு கவுண்டரில் அப்பளம் வந்தது. அடுத்த வாரம் மற்றவர் மோரில் இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப்போட்டார். இதெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய மாற்றம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: கடைசிப் பந்தியில் உட்காருபவருக்கும் பொரியல் இருந்தது. முன்பெல்லாம் 'தீர்ந்துவிட்டது' என்று சொன்னால் பேச்சு முடிந்தது. இப்போது தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அந்தத் தட்டு பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விடும் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

இதைச் செய்யும்போது நிர்வாகங்கள் வழக்கமாக ஓர் எளிய வழியைத் தேடுகின்றன. காலைச் சிற்றுண்டியை ஒருவருக்கும் மதியச் சாப்பாட்டை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு ஒப்பந்ததாரர் வந்துவிட்டார்கள் என்பார்கள். அது போட்டி ஆகாது. அவரவர் வேளைக்கு அவரவர் ஏகபோகம், அவ்வளவுதான். ஒரே வேளையில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். இதற்கு நியாயமான தடைகளும் உண்டு. ஒரே சமையலறையை இருவர் பகிர்ந்துகொள்ள முடியாது. கேஸ், ஸ்டீம், தண்ணீர், பாத்திரம் எல்லாவற்றுக்கும் சண்டை வரும். நாங்கள் ஒருவரை உள்ளே சமைக்க விட்டு, மற்றவரை வெளியே தன் சமையற்கூடத்தில் சமைத்துக் கொண்டுவரச் சொன்னோம். அப்படிச் செய்தால் வெளியிலிருந்து வரும் உணவு கவுண்டருக்கு வரும்போது குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறதா என்று தினமும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

600 பேருக்கு இரண்டு ஒப்பந்ததாரர் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். இரண்டு மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 250, 300 தட்டுதான் வரும். அதைப் பாதியாகப் பிரித்தால் பெரிய நிறுவனங்கள் வரமாட்டா. உள்ளூரில் சமையற்கூடம் நடத்துகிறவர்கள் வருவார்கள். என் அனுபவத்தில் ருசி அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமம், பணியாளர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று தாள் தாளாகப் பார்க்க வேண்டும். இரண்டு பேரைக் கொண்டுவரவே முடியாது என்று முடிவானால், ஒருவரையே வைத்துக்கொண்டு உத்தரவாத எண்ணிக்கையை நீக்குங்கள். அதற்கு ஒப்பந்ததாரர் தட்டு விலையைச் சற்று உயர்த்திக் கேட்பார். கொடுக்கலாம். ஆள் வந்தால்தான் காசு என்ற நிலையில், கேட்டுக்கு வெளியே நிற்கும் தள்ளுவண்டி கூட உங்களுக்காகப் போட்டியிடும்.

விலையைப் பற்றி. டெண்டரில் விலையைக் கேட்காதீர்கள். விலையை நீங்களே அறிவியுங்கள். 'தட்டுக்கு இவ்வளவு தருகிறோம், இந்தப் பணத்துக்கு என்ன தருவீர்கள்?' என்று கேளுங்கள். அரிசியின் ரகம், பருப்பின் கிராம், எண்ணெயின் பெயர், வாரத்தில் எத்தனை நாள் முட்டை, எத்தனை வகைக் காய் என்று போட்டி அப்போது தட்டுக்குள் நடக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றியும் எழுதிவையுங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது அதில் உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. அதை அளக்கும் கையடக்கக் கருவி கிடைக்கிறது. கேன்டீன் குழுவின் கையில் அது ஒன்று இருப்பது நல்லது.

உங்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46-ஆவது பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்க உத்தரவிட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், ஆயுத ஆலைகளுக்குப் பிறப்பிக்கப்பட்ட கேன்டீன் உத்தரவிலும் இதே 250 என்ற எண்தான். இன்று உலகின் மிகப் பெரிய உணவு ஒப்பந்த நிறுவனமான காம்பஸ் குழுமம் 1941-இல் அங்கே ஆலைக் கேன்டீன் நடத்தத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்திலிருந்து வளர்ந்ததுதான். நம் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இன்னும் இரண்டு விஷயங்களைப் பற்றி விதி செய்யச் சொன்னது. ஒன்று, தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் கேன்டீன் நிர்வாகக் குழு. மற்றொன்று, கேன்டீன் நடத்தும் செலவில் எவற்றை உணவின் விலையில் சேர்க்காமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது. 2020-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் அந்த 250-ஐ 100 ஆகக் குறைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தது. ஆகவே கேன்டீன் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இடம் கேளுங்கள். பல ஆலைகளில் அவர்கள்தாம் பாதிக்கு மேல். குழுவில் இருப்பவர்களோ நிரந்தரப் பணியாளர்கள் மட்டும். சாப்பாட்டை மதிப்பிடும் உரிமை சாப்பிடுகிற எல்லாருக்கும் உண்டு.

இரவு ஷிப்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஒப்பந்ததாரர்கள் வந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு இருவருமே ஆர்வம் காட்டமாட்டார்கள். எண்ணிக்கை குறைவு, ஆள் கிடைப்பது கடினம், மேலதிகாரிகள் யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்குச் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். மதியம் வடித்த சோற்றையே சூடுபடுத்திப் போட்டிருந்தார்கள். என் எதிரில் இருந்த இளைஞர் அதைப் பேசாமல் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தினமும் இப்படித்தானா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு எழுதிய ஒப்பந்தங்களிலெல்லாம் ஒரு நிபந்தனை வைத்தேன்: இரவுக் கவுண்டரை இருவரும் வாரம் மாற்றி வாரம் நடத்த வேண்டும், இரவில் அதிகம் பேர் சாப்பிட்ட வாரங்கள் யாருடையவையோ அவருக்கு அடுத்த காலாண்டில் பகல் கூடத்தில் வாசலுக்குப் பக்கத்துக் கவுண்டர். வாசல் பக்கக் கவுண்டருக்குக் கூட்டம் தானாகச் சேரும். அதற்காகவாவது இரவில் புதிதாக வடித்தார்கள்.

ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இந்தப் பகுதியில் இத்தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரே சப்ளையரிடம் அரிசி வாங்குபவர்கள். ஆறு மாதத்தில் இரண்டு கவுண்டரின் சாப்பாடும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் சந்தேகப்படுங்கள். கழிவுத் தொட்டியைக் கவுண்டர் வாரியாக எடை போட்டுப் பாருங்கள். மக்கள் எதைச் சாப்பிடாமல் கொட்டுகிறார்கள் என்பது யாரும் திருத்தி எழுத முடியாத கணக்கு.

இப்போது ஒரு கசப்பான விஷயம். போட்டியின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். அரிசியும் பருப்பும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. குறைக்கக் கூடியது கூலி ஒன்றுதான். பாத்திரம் தேய்க்கும் பெண்கள், பரிமாறுபவர்கள், வட மாநிலங்களிலிருந்து வந்த உதவியாளர்கள் ஆகியோரின் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது பதினான்கு ஆண்டு வேலை செய்த சமையற்காரர் புதியவரிடம் முதல்நாள் ஊழியராகிவிடுகிறார். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணியைப் புதியவரிடம் அவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். ஆகவே கேன்டீன் ஊழியர்களின் கூலியைப் போட்டிக்கு வெளியே வையுங்கள். அது தனித் தொகை. ரசீது காட்டினால் நிறுவனம் அப்படியே திருப்பித் தரும். புதியவர் வந்தால் பழைய ஊழியர்களை அதே சம்பளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழையவர் வெளியேறுமுன் அவர்களுக்குச் சேர வேண்டியதைத் தீர்க்க வேண்டும். உங்கள் சாப்பாடு நன்றாக வேண்டும் என்பதற்காக அதைச் சமைப்பவர் நஷ்டப்படக் கூடாது.

மற்ற வசதிகளுக்கும் இது பொருந்துமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிலவற்றுக்குக் கேன்டீனைவிட நன்றாகவே பொருந்தும். சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நிறுவனம் எந்த வங்கியோடு ஒப்பந்தம் போட்டதோ அங்கேதான் எல்லாரும் கணக்குத் தொடங்க வேண்டும். வேறு வங்கியில் போடுவது நிறுவனத்துக்குப் பெரிய வேலை. 2005-இல் நெஃப்ட் பணப்பரிமாற்ற முறை வந்து வளர்ந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. எந்த வங்கியானாலும் ஊழியர் சொல்லும் கணக்குக்கு அனுப்பலாம் என்று நிறுவனம் சொன்ன மாத்திரத்தில், வங்கிக்காரர்கள் ஆலை வாசலில் மேசை போட்டு விபத்துக் காப்பீடு, கட்டணமில்லாத ஏடிஎம் கார்டு என்று கூவத் தொடங்குகிறார்கள். அங்கே தேர்வு செய்பவர் ஊழியரே என்பதால் பலனும் ஊழியருக்கே போகிறது.

சாப்பாட்டுச் செலவுக்காக நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் உணவுச் சீட்டுகளின் கதை சற்றுக் கலப்பானது. சொடெக்ஸோ போன்றவர்களின் காகிதச் சீட்டுகள் பல ஆண்டுகள் புழங்கின. கிழித்துக் கொடுத்தால் சில்லறை கிடைக்காது, எல்லாக் கடைகளும் வாங்காது. 2015-இல் தொடங்கிய ஜீட்டா போன்ற புதியவர்கள் கார்டும் செயலியும் கொண்டுவந்ததும் பழைய நிறுவனங்களும் வேகமாக மாறின. ஆனால் முழுப் பெருமையையும் போட்டிக்குக் கொடுக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு முடிவோடு காகிதச் சீட்டுகளை நிறுத்தச் சொன்னது ரிசர்வ் வங்கி.

ஆலைப் பேருந்துகளுக்குக் கேன்டீன் பாடமே போதும். மொத்தத் தடங்களையும் ஒருவருக்குக் கொடுக்காமல் இருவருக்குப் பிரியுங்கள். எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக் கேட்டில் செக்யூரிட்டி எழுதட்டும். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு தடம் கைமாறட்டும்.

போட்டியே கூடாத இடமும் உண்டு. குழந்தைகள் காப்பகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை டெண்டர் விட்டு ஆயாக்களை மாற்றினால் இரண்டு வயதுக் குழந்தை யாரிடம் போய் முறையிடும்? அங்கே நிலைத்த முகங்கள்தாம் தரம். 500 பேருக்கு மேல் இருந்தால் சட்டப்படி இருக்க வேண்டிய மருத்துவ அறையும் அப்படித்தான். நல்ல செவிலியர் கிடைத்தால் விலைபேசாமல் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர், கழிப்பறை ஆகியவற்றில் கண்டிப்பான ஆய்வுதான் வேலை செய்யும்.

தேர்வும் இல்லை, கேட்பாரும் இல்லை என்றால் எதுவரை போகும் என்பதை நம் பகுதியே பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளின் நிலை சரியில்லை என்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை 2022 ஜனவரி நடுவில்தான் மீண்டும் திறந்தது. வேலை, படுக்கை, சாப்பாடு மூன்றும் ஒரே முடிச்சில் இருந்தால், சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒரு பெண் எங்கே போக முடியும்? அவர்களுக்கு மிஞ்சியது சாலை ஒன்றுதான்.

கடைசியாக உங்கள் பழைய ஒப்பந்ததாரரைப் பற்றி. பதினான்கு ஆண்டு இருந்தவரை ஒரேயடியாக வெளியேற்ற வேண்டாம். அவருக்கு உங்கள் ஆட்களின் வாய்ருசி தெரியும், எந்த ஷிப்டில் எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியும். முதல் கவுண்டரை அவருக்கே கொடுங்கள். இரண்டாவதற்கு மட்டும் டெண்டர் விடுங்கள். பழைய ஒப்பந்ததாரர் எதிர்க் கவுண்டரைப் பார்த்த பிறகு எப்படிச் சமைக்கிறார் என்று மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த மூன்று மாத எண்ணிக்கை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். இரவு ஷிப்ட் எண்ணிக்கையைத் தனியாகக் குறியுங்கள்.